எண்ணிக்கை ஆட்சியும் மக்களாட்சியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஜனநாயகம் என்றால் என்ன? இந்தக் கேள்விக்குப் "பெரும்பான்மையோர் ஆட்சி" என்று நம்மில் பெரும்பாலோர் சட்டென விடை சொல்லிவிடுவோம். பள்ளிப் பருவத்தில் வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுத்தபோது ஆசிரியர் உயர்ந்த கைகளை எண்ணினார். கூடுதல் கைகளைப் பெற்றவன் தலைவன் ஆனான். அன்று கற்ற பாடத்தையே இன்றும் நாம் ஜனநாயகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கணிதம் பயிலும் மாணவனாகிய எனக்கு இந்த விடையில் ஒரு குறை தென்படுகிறது. ஒரு கணத்தின் உறுப்புகளை எண்ண வேண்டுமானால், முதலில் அந்தக் கணத்தை வரையறுத்தாக வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானித்த பிறகுதான் எண்ணிக்கையே தொடங்குகிறது. ஒரு நாட்டில் ஓட்டுகளை எண்ணுவதற்கு முன், "யாருடைய ஓட்டு?" என்ற கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு "எங்கள் இனத்தாருடையது" என்று ஓர் அரசு விடை கூறத் தொடங்கிவிட்டால், அதன் பின் தேர்தல் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அதன் விளைவு மக்களாட்சியாக இராது. எண்ணிக்கை ஆட்சியாகவே இருக்கும்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்க் கடல்தான் இருக்கிறது. அந்தக் கடலுக்கு அப்பால் நடந்ததையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

நம் பக்கத்து மக்கள்

இலங்கைத் தமிழர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே தமிழ் பேசும் மக்கள் ஒரே பிரிவினர் அல்லர். வடக்கிலும் கிழக்கிலும் பன்னூறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழர் ஒரு பிரிவினர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் மற்றொரு பிரிவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலைத் தோட்டங்களும் அமைத்தபோது நம் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் மூன்றாவது பிரிவினர். இவர்களே மலையகத் தமிழர்.

இவர்கள் யார்? மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளின் ஏழைக் குடியானவர்கள். அன்று நம் திண்டுக்கல் வட்டாரமும் மதுரை ஜில்லாவில் அடங்கியதுதான். மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், குடும்பத்தோடு அழைத்துப்போவான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்குவதற்கு முன், அவர்களில் பலர் கடல் கடந்தபின் காட்டு வழியே கால்நடையாக மலையேறினார்கள். வழியில் நோயுற்று இறந்தோர் பலர். கொடைக்கானல் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, மலைத்தோட்டத்துக் குளிரும் அட்டைக்கடியும் எத்தகையவை என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

1946-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கை மக்கள்தொகையில் இவர்கள் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர், நூற்றுக்கு 11.7 விழுக்காடு. வடகிழக்குத் தமிழர் 11 விழுக்காடு. சிங்களவர் சுமார் 69 விழுக்காடு. இந்த எண்களை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஓட்டு வந்த கதை

இலங்கையின் ஜனநாயகம் நம்முடையதைவிட மூத்தது என்றால் நண்பர்கள் சிலர் வியப்படையக்கூடும். 1931-இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ், 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் அங்கே ஓட்டுரிமை கிடைத்தது. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டுரிமை கிடைத்ததே 1928-இல்தான். நாமோ வயதுவந்தோர் அனைவரும் ஓட்டளித்த முதல் பொதுத்தேர்தலை 1951–52-இல்தான் கண்டோம். படிப்பறிவிலும் இலங்கை அன்று நம்மை விஞ்சி நின்றது. ஆகவே, படிக்காத மக்கள், பக்குவப்படாத மக்கள் என்ற சமாதானம் எதுவும் இங்கே செல்லாது.

தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் 1931-லேயே தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் அவர்களில் பெருந்தொகையினர் ஓட்டுப் போட்டனர். 1947 பொதுத்தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் ஓட்டுகள் இடதுசாரிக் கட்சிகளுக்கு விழுந்தன. புதிதாக அமைந்த டி.எஸ். சேனநாயக்காவின் அரசுக்கு இது அச்சத்தைத் தந்தது.

சிங்களவரின் மனநிலையையும் நேர்மையோடு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்டிச் சீமைக் குடியானவர்கள் பயன்படுத்திவந்த நிலங்கள், 1840-ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற சட்டங்களின் துணையால் அரசுடைமையாகித் தோட்டத் துரைமார்களின் கைக்குப் போயின. நிலத்தை எடுத்தவன் வெள்ளைக்காரன். ஆனால் கண்ணெதிரே நின்றவன் தமிழ்த் தொழிலாளி. கோபம் எளியவன்மீதே பாய்ந்தது. வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலம் கற்ற வடபுலத் தமிழர் அரசு வேலைகளில் தம் எண்ணிக்கையை மிஞ்சிய இடம் பெற்றிருந்தார்கள் என்ற மனக்குறையும் இருந்தது. மேலும், சிங்களம் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் வழங்காத மொழி. தமிழ் பேசுவோரோ கடலுக்கு இப்பால் கோடிக்கணக்கில் இருந்தனர். தீவுக்குள் பெரும்பான்மையினராக இருந்தும், சிறுபான்மையினரின் அச்சம் அவர்கள் உள்ளத்தில் குடிகொண்டது. அச்சம் இயற்கையானது. அந்த அச்சத்தைச் சட்டமாக்கியதுதான் தவறு.

ஓட்டுப் போன கதை

1948 பிப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் (1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம்) நிறைவேறி, நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் தமிழர் என்றோ இந்தியர் என்றோ பழித்து ஒரு சொல்லும் இல்லை. ஒருவர் அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, அவருடைய தந்தையும் அங்கே பிறந்தவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையே இருந்தது. ஏட்டில் இது எல்லார்க்கும் பொதுவான விதி. நடைமுறையிலோ, தந்தை பிறந்த சான்றிதழைக் காட்டும்படி தோட்டத் தொழிலாளியைத்தான் கேட்டார்கள்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருந்தும். கல்லூரியில் சேர்வதற்காகச் சான்றிதழ்களைத் தேடி வீட்டுத் தகரப்பெட்டியைக் கிளறியபோது, என் பாட்டனார் பிறந்த நாளைச் சொல்லும் தாள் ஒன்றுகூட அதில் இல்லை. "வைகை அணை கட்டிக்கிட்டிருந்த சமயம் பொறந்தவன்" என்பதுதான் அவருடைய பிறப்புச் சான்றிதழ். ஊரார் அனைவரும் அவரை அறிவர். எந்த அலுவலகமும் அறியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு முன்னே இருந்தவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை. தாள் அவர்களைத் தேடி வரவும் இல்லை. 1948-இல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கப்பட்டவரின் நிலையை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு இந்திய – பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அது. மணமானவர் 1946-க்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது வசித்ததைக் காட்ட வேண்டும். பெண் எடுக்கவோ, தாய் தகப்பன் காரியத்துக்கோ ஊருக்கு வந்து நெடுநாள் தங்கியவர்க்கு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரையில் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பதிவு பெற்றனர்.

அதே 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவர்க்கு ஓட்டு இல்லை என்றாயிற்று. விளைவு என்ன? 1947-இல் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த மலையகப் பிரதிநிதிகளில் ஒருவர்கூட 1952 தேர்தலில் திரும்பி வரவில்லை. போட்டியிட்டுத் தோற்றதால் அன்று. ஓட்டுப் போட ஆள் இல்லாததால்!

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தொகுதிகளைப் பிரித்தபோது, குடியுரிமை உண்டா இல்லையா என்று பாராமல், 75,000 தலைகளுக்கு ஓர் இடம் என்றும், ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு ஓர் இடம் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். ஆகவே தோட்டத் தொழிலாளியின் தலை, தொகுதியை உண்டாக்குவதற்கு எண்ணப்பட்டது. அவனுடைய ஓட்டு எண்ணப்படவில்லை. அவன் பெயரால் கிடைத்த இடத்தை அவன் பக்கத்து ஊரார் மட்டுமே ஓட்டளித்து நிரப்பினார்கள். அமெரிக்கர் 1787-இல் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதியபோது, இடங்களைப் பங்கிடுவதற்கு அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணினார்கள். ஓட்டு மட்டும் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து அதே கணக்கு வேறு உருவில் மலையகத்தில் அரங்கேறியது எனலாம்.

காவலன் உறங்கினான்

இத்தகைய அநீதியைத் தடுக்க அரசியல் சட்டத்தில் வழியே இல்லையா? இருந்தது. சோல்பரி அரசியல் திட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கோ மதத்தார்க்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று தெளிவாகக் கூறியது. அப்பிரிவை நம்பி வழக்குத் தொடுத்தார்கள். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் நாட்டுக் குடிமக்கள் யார் என்று வரையறுப்பது எந்தப் பாராளுமன்றத்திற்கும் உரிய இயல்பான அதிகாரமே என்று கூறி, 1953-இல் அந்த நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தமிழர் என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆகவே தமிழர்க்குப் பாதகம் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்து விளைவைப் பாராத தீர்ப்பு எப்படி முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த 29-ஆம் பிரிவும் 1972-இல் புதிய குடியரசு அரசியல் சட்டம் வந்தபோது மறைந்துபோயிற்று.

வடபுலத் தமிழ்த் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. அவர்களுள் முதன்மையானவராக இருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-இல் அந்த அரசிலேயே அமைச்சரானார். அதை ஏற்காமல் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இன்று தோட்டத் தொழிலாளிக்கு வந்தது நாளை நமக்கும் வரும் என்பது அவர் எச்சரிக்கை. அந்த நாளை வருவதற்கு ஏழே ஆண்டுகள்தாம் ஆயின.

ஏலம்

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் போனவர்கள் ஏலத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு வியாபாரி விலையை ஏற்றினால் அடுத்தவர் அதற்கு மேல் கேட்டாக வேண்டும். இல்லையேல் கூடை கைமாறிவிடும். இலங்கை அரசியலும் இவ்வாறே ஆயிற்று.

ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் குடிமக்கள் கணக்கிலிருந்தே அகற்றப்பட்டபின், எஞ்சிய ஓட்டுகளில் சிங்கள ஓட்டின் பங்கு மேலும் உயர்ந்தது. தமிழரின் ஆதரவைப் பெறாமலே ஆட்சியைப் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே இனத்தாரின் ஓட்டுக்காக மட்டும் போட்டியிடும்போது, எவர் அந்த இனத்துக்காக அதிகம் பேசுகிறாரோ அவருக்கே வெற்றி. மிதமாகப் பேசுகிறவர் துரோகி ஆகிவிடுகிறார்.

1956-இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா "சிங்களம் மட்டும்" என்ற முழக்கத்தோடு வென்றார். அதுவரை ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்குச் சற்று முன் அதே கொள்கைக்குத் தாவியிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் சிங்களமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் அறப்போர் நடத்திய தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்ற பொருள்பட இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அன்றே பாராளுமன்றத்தில் எச்சரித்தார். அவர் சிங்களவர் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பண்டாரநாயக்கா தவற்றை உணராமல் இல்லை. 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். வடகிழக்கில் பிரதேச சபைகள், தமிழுக்கு நிர்வாகத்தில் இடம் என்பன அதன் அம்சங்கள். உடனே எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டின்முன் மறியல் செய்ய, அவர் உடன்பாட்டைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்காவே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். 1965-இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு மற்றோர் உடன்பாடு கண்டார். இம்முறை எதிர்த்தது பண்டாரநாயக்காவின் கட்சி. அதுவும் கைவிடப்பட்டது.

ஆளும்போது உடன்பாடு, எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்ப்பு! இருவரும் மாறி மாறி இதையே செய்தனர். இவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் ஏலம் நடக்கும் முறையே பிழையாக இருந்தால், அதில் நிற்கும் நல்லவரும் விலையை ஏற்றியே தீருவார்.

கணக்குச் சரி, ஆனால்...

இனி மலையகத்துக்கே திரும்புவோம். 1964 அக்டோபர் 30-இல் பிரதமர்கள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர். இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேர் இலங்கைக்கு என்பது விகிதம்.

கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒரு தலைகூடப் பிசகாமல் வருகிறது. ஆனால் அந்த எண்களுக்குள் இருந்த மக்களை எவரும் கேட்கவில்லை. விண்ணப்பம் வாங்கியபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 5 இலட்சம் பேர். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ 6 இலட்சத்திற்கும் மேல். ஒதுக்கிய இடம் 3 இலட்சம். கேட்டவர்கள் அதைப்போல் இரு மடங்கு. தாம் பிறந்த மண் எது என்பதில் அம்மக்களுக்குக் குழப்பம் இல்லை. அரசுகளுக்குத்தான் இருந்தது.

1984-இல் கப்பல் போக்குவரத்து நிற்கும்வரை, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். "தாயகம் திரும்பியோர்" என்று அரசு அவர்களுக்குப் பெயர் சூட்டியது. தேயிலை பறிப்பதன்றி வேறு தொழில் அறியாத அவர்களில் ஒரு பகுதியினர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் வேலை தந்தது. பலர் தாமாகவே மலைகளைத் தேடிப் போனார்கள். கொடைக்கானல் மலைக்கும் வந்து கூலி வேலை செய்து பிழைத்தார்கள். அங்கே அவர்கள் "இந்தியாக்காரர்", இங்கே "சிலோன்காரர்". இரண்டு நாடுகள் அவர்களை எண்ணின. எந்த நாடும் அவர்களைத் தன்னவர் என்று அழைக்கவில்லை.

தீ பரவியது

எண்ணிக்கை ஆட்சி சிறுபான்மையினரை மட்டும் சுடுவதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக மதிப்பெண் தரப்படுத்தும் முறை வந்தது. மருத்துவமும் பொறியியலும் பயிலத் தமிழ் மாணவர் சிங்கள மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று. நம் வயதொத்த இளைஞர்கள் பாராளுமன்றத்தின்மீது நம்பிக்கை இழந்தது அக்காலத்தில்தான். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியே ஆயிற்று; ஆயினும் அதனால் ஆனது ஒன்றுமில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1983 ஜூலைப் படுகொலையில், தனிநாடு கேட்காத மலையகத் தமிழரும் தப்பவில்லை.

சிங்கள மக்களுக்கேனும் ஜனநாயகம் நிலைத்ததா? 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பை நடத்தி, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்கொண்டார்கள். தமிழ்ப் போராளிகளை ஒடுக்குவதற்காக 1979-இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், பின்னர்ச் சிங்கள இளைஞர்கள்மீதும் பாய்ந்தது. 1987–89 கிளர்ச்சிக் காலத்தில் தெற்கே ஆயிரமாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டார்கள். அயலானுக்காகச் செய்த விலங்கு தன் கைக்கும் அளவாக இருந்தது!

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. இன உணர்வு ஒடுக்கப்பட்டோரின் கையில் இருக்கும்போது நமக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் 1990 அக்டோபரில் வடமாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்களை, அவர்களும் தமிழ் பேசுவோரே என்றும் பாராமல், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மக்கள் ஓட்டளித்துத் தேர்ந்தெடுத்திருந்த தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தை 1989 ஜூலையில் சுட்டுக் கொன்றதும் அவர்களே. "இது எங்கள் மண், இதில் யார் இருக்கலாம் என்பதை நாங்களே தீர்மானிப்போம்" என்ற வாசகம் சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் ஒன்றுதான். அதற்கு முடிவில் விலை கொடுத்தவர்கள் மக்களே. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் அதை உலகமே கண்டது.

நாம் எப்படித் தப்பினோம்?

இலங்கை சிங்களம் மட்டும் என்று சட்டம் இயற்றிய அதே 1956-இல், நவம்பர் 1 அன்று, இந்தியா தன் மாநிலங்களை மொழிவழியாகத் திருத்தி அமைத்தது. ஒரே ஆண்டு, இரண்டு நாடுகள், இரண்டு பாதைகள்!

நம் தலைவர்கள் தெய்வப் பிறவிகள் என்பதால் இது நிகழவில்லை. மொழிவழி மாநிலங்களை நேரு முதலில் விரும்பவில்லை. 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த பின்னரே ஆந்திரம் பிறந்தது. 1965-இல் தமிழக மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் பலர் மடிந்த பின்னரே, ஆங்கிலமும் தொடரும் என்ற உறுதி 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சட்டத்தில் ஏறியது. ஆனால் கேட்டபோது வளைந்துகொடுக்கும் ஒரு வழி இங்கே இருந்தது. இந்தியாவில் எந்த ஒரு மொழியினரும் தனித்துப் பாதிக்கு மேல் இல்லை என்பதும் ஒரு காரணம். அதனால் ஏலத்தில் ஒரே கூடைக்காக எல்லாரும் மோத நேரவில்லை. "அடைந்தால் திராவிட நாடு" என்று முழங்கிய தி.மு.க. 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது; 1967-இல் ஓட்டின் வழியே ஆட்சிக்கு வந்தது. பிரிவினை கேட்டவனுக்கும் நாட்டில் ஒரு பங்கு கிடைத்தால் அவன் நாட்டைக் காப்பவனாகிறான்.

வட அயர்லாந்து நமக்கு மற்றொரு சான்று. 1921 முதல் 1972 வரை அங்கே ஒரு பாராளுமன்றம் இருந்தது, தேர்தல்களும் நடந்தன. மூன்றில் இரு பங்கினரான புராட்டஸ்டண்டுகளின் கட்சியே ஒவ்வொரு முறையும் வென்றது. கத்தோலிக்கர் ஒரு நாளும் ஆளவில்லை. விளைவு, முப்பதாண்டு இரத்தக்களரி. 1998 உடன்பாட்டில்தான், இரு சமூகத்தாரும் சேர்ந்தே அரசு அமைக்க வேண்டும், முக்கிய முடிவுகளுக்கு இரு பக்கத்து ஆதரவும் வேண்டும் என்று விதித்தார்கள். இத்தகைய ஏற்பாடுகளிலிருந்து தெரிவது ஒன்றே: எண்ணிக்கையால் தீர்மானிக்கக் கூடியவை சில, எண்ணிக்கைக்கு விடக்கூடாதவை சில. எந்தக் கட்சி ஆளலாம், வரி எவ்வளவு என்பன முதல் வகை. ஒருவன் இந்நாட்டானா, அவன் மொழி மொழிதானா என்பன இரண்டாம் வகை.

முடிவாக

2003 அக்டோபரில் இலங்கைப் பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டம் இயற்றி, எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழர்க்குக் குடியுரிமை வழங்கியது. 1948-இல் பறித்ததைத் திருப்பித்தர 55 ஆண்டுகள் பிடித்தன. பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்!

இதைப் படித்துவிட்டு, "அது இலங்கையின் பிழை" என்று பெருமூச்சோடு நாம் பக்கத்தைப் புரட்டிவிடலாமா? 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்தவர்கள் இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் அவர்களுக்காக 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டிலேயே "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று அரசு மாற்றியிருந்தது. வீடு கிடைத்தது, பெயரும் மாறியது, நன்று. ஆனால் இந்த முகாம்களில் பிறந்து, நம் பள்ளிகளில் நம்மோடு படித்து, நம்மைப் போலவே தமிழ்நாட்டைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளைகள் பலர் இன்னமும் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர்.

காரணம் என்ன? இந்தியாவில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்கே பொருந்தும். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோர் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், அந்த 1987 விதியைக் கொண்டே நீதிமன்றத்தில் வாதாடி, 2024 மக்களவைத் தேர்தலில் தம் முதல் ஓட்டைப் போட்டார். அவருக்கு அப்போது வயது 38. 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்திருந்தால் அந்த வழியும் அவருக்கு அடைபட்டிருக்கும்.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்து நாம் கொதிக்கிறோம். "உன் பெற்றோர் யார்?" என்று அதே வகைக் கேள்வியை நம் சட்டமும் கேட்கிறது என்பதை அறியும்போது, அந்தக் கொதிப்பு சற்றே நம் பக்கமும் திரும்ப வேண்டாமா?

பதினெட்டு வயதில் என் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியது. எங்கள் வீட்டில் எவருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. ரேஷன் கார்டைப் போல, மழையைப் போல, தானாக வந்த ஒன்று என்றே நானும் எண்ணினேன். அது தானாக வருவதில்லை என்று இப்போது அறிகிறேன். பாராளுமன்றத்தில் கை உயர்த்தி ஒருவர் கொடுத்தது அது. கை உயர்த்தியே மற்றொருவர் எடுத்துவிடவும் கூடும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, தேர்தல் நாளில் எத்தனை ஓட்டு என்று மட்டும் கேளாமல், பட்டியலில் இல்லாத பெயர்கள் யாருடையவை என்றும் கேட்டுப் பழகுவோம். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கும் வரையில்தான் எண்ணிக்கை ஆட்சி மக்களாட்சியாக இருக்கும்.